எம்.எஸ். நோயும் வேலையும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., இலங்கையில் அரிதான நோய். அதனாலேயே ஒருவருக்கு அது வந்துவிட்டது என்று தெரிந்ததும் வீட்டாருக்கும் விளங்குவதில்லை, கந்தோருக்கும் விளங்குவதில்லை. நான் கொழும்பில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். என் சின்னம்மாவின் மகளுக்கு இந்த நோய் இருக்கிறது. ஆகவே வேலை செய்பவர்களும் கேட்கிறார்கள், வேலை கொடுப்பவர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். மருந்து பற்றிய முடிவை உங்கள் நரம்பியல் வைத்தியர் சொல்ல வேண்டும். வழக்கு வரை போகும் சிக்கலுக்குச் சட்டத்தரணி வேண்டும். அதற்கு முந்திய கட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

எம்.எஸ். என்றால் என்ன? வேலைக்குத் தேவையான அளவுக்குச் சொன்னால் போதும்.

மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் கண் நரம்பிலும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது, மின்கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் இருப்பதுபோல. எம்.எஸ். உள்ளவரின் நோயெதிர்ப்புச் சக்தி அந்த உறையையே தாக்குகிறது. உறை பழுதான இடத்தில் செய்தி மெதுவாகப் போகிறது, சிலவேளை போகாமலே நின்றுவிடுகிறது. எந்த இடம் பழுதாகிறதோ அதைப் பொறுத்து அறிகுறியும் மாறும். ஒருவருக்கு ஒரு கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும், மற்றவருக்கு நடையில் தள்ளாட்டம் வரும், சிறுநீரை அடக்க முடியாமல் போகும். பெரும்பாலானவர்களுக்கு வருவது கடுமையான களைப்பு.

வேலையோடு சம்பந்தப்பட்ட முக்கியமான விஷயங்கள் இரண்டு. முதலாவது வயது. பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடையில்தான் இது தொடங்குகிறது. படித்து முடித்து, வேலையில் கால் ஊன்றி, வீட்டுக் கடன் எடுக்கும் வயது அது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. இரண்டாவது, நோய் போகும் விதம். சுமார் 85 வீதமானவர்களுக்கு ஆரம்பத்தில் இது வந்து வந்து தணியும். சில நாட்களோ வாரங்களோ அறிகுறி தீவிரமாக இருக்கும், பிறகு முழுதாகவோ ஓரளவோ குறையும், அப்புறம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட அமைதியாக இருக்கும்.

இது தொற்றாது. பக்கத்து மேசையில் இருப்பவர் பயப்பட ஒன்றுமில்லை.

நோய் உறுதியாகிவிட்டது. வேலையை விட்டுவிடலாமா?

இப்போது வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்து, முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்து, ஸ்டீரோயிட் ஏற்றி, வார்டில் படுத்திருக்கும் அந்த நாட்களில் எல்லோரும் ராஜினாமாவைப் பற்றித்தான் பேசுவார்கள். அம்மா சொல்லுவா, "உடம்புதான் முக்கியம், வேலையை விடு பிள்ளை." அது பாசத்தில் வரும் சொல். ஆனால் நீங்கள் அப்போது இருப்பது நோயின் மோசமான கட்டத்தில். ஸ்டீரோயிட் வழக்கமாக 3 முதல் 5 நாட்கள் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு உடம்பு தேறி வர வாரங்கள் எடுக்கும், சிலருக்கு மாதங்கள் எடுக்கும். தேறிய பிறகு நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று கட்டிலில் படுத்திருக்கும்போது உங்களுக்கும் தெரியாது, வைத்தியருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு திரும்பப் பெற முடியாத முடிவை எடுக்கக்கூடாது.

சட்ட ரீதியாகவும் காரணம் இருக்கிறது. கீழே விளக்கியிருப்பதுபோல, இலங்கையில் ஊழியரின் எழுத்துமூலமான சம்மதம் மிகப் பெறுமதியான ஒன்று. ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் அந்தச் சம்மதத்தை நீங்களே கையில் கொடுத்ததாகிவிடும். லீவு கேளுங்கள், சம்பளமில்லாத லீவு என்றாலும் கேளுங்கள், வேலையைக் குறைக்கக் கேளுங்கள். ராஜினாமாவைக் கடைசியில் வையுங்கள்.

1993க்கு முன்பு நோயின் போக்கையே மாற்றும் மருந்து எதுவும் இருக்கவில்லை. அந்த வருடம் அமெரிக்காவில் இன்டர்பெரோன் பீட்டாவுக்கு அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. 2023இல் உலக சுகாதார அமைப்பு தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்காக ரிடுக்சிமாப், கிளாட்ரிபின், கிளாட்டிராமர் ஆகிய மூன்றையும் சேர்த்தது. முப்பது வருடங்களுக்கு முன்பு யாரோ ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்ததைப் பார்த்தவர்கள் சொல்லும் கதையை வைத்து உங்கள் எதிர்காலத்தை அளக்காதீர்கள்.

மேலதிகாரிக்குச் சொல்லத்தான் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் உங்களுக்கு வேலையில் ஏதாவது மாற்றம் வேண்டும் என்றால், காரணம் தெரியாமல் யாரும் அதைத் தர மாட்டார்கள். உயரத்தில் ஏறுவது, வாகனம் ஓட்டுவது, இயந்திரம் இயக்குவது உங்கள் வேலை என்றால், கண்ணோ காலோ ஏமாற்றும்போது உங்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து. அந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அறிகுறி வேலையைத் தொடும்போது சொல்லுங்கள். மூன்று மாதமாக வேலைக்குப் பிந்தி வந்து, வேலையில் பிழை விட்டு, எச்சரிக்கைக் கடிதமும் வாங்கிய பிறகு "எனக்கு எம்.எஸ்." என்று சொன்னால், உண்மையாக இருந்தாலும் சாக்குப்போலத்தான் கேட்கும். அதற்கு முன்பே சொன்னால் அதே செய்தி வேறு விதமாக எடுக்கப்படும்.

சொல்வது என்று முடிவெடுத்துவிட்டேன். யாரிடம், எப்படி?

ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள். கோப்பை தேநீரோடு நடைபாதையில் வேண்டாம். நேரடி மேலதிகாரி நம்பத்தக்கவர் என்றால் அவரிடம், இல்லையென்றால் மனிதவளப் பிரிவில். போகும்போது இரண்டு விஷயங்களைத் தயாராக வைத்திருங்கள்: எது கஷ்டமாக இருக்கிறது, எது கிடைத்தால் சமாளிப்பேன். நோயின் முழு வரலாற்றையும் சொல்லத் தேவையில்லை. எம்.எஸ். என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். இல்லாவிட்டால் அவர் அன்றிரவு இணையத்தில் தேடி, மிகப் பயங்கரமான படங்களைப் பார்த்துவிட்டு மறுநாள் வருவார்.

பேசிய பிறகு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். எந்த மொழியில் எழுதினாலும் விஷயம் ஏறத்தாழ இப்படி இருந்தால் போதும்:

"இன்று காலை உங்களோடு பேசியதன் தொடர்ச்சியாக எழுதுகிறேன். எனக்கு மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பது உறுதியாகியுள்ளது. சிகிச்சை பெற்று வருகிறேன். என் வேலையைத் தொடர்ந்து செய்ய முடியும், செய்யவும் விரும்புகிறேன். பிற்பகலில் களைப்பு அதிகமாவதால் காலை 7.30 முதல் 3.30 வரை வேலை செய்ய அனுமதி கேட்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவதற்கு ஒரு நாள் லீவு தேவைப்படும். மூன்று மாதத்துக்குப் பிறகு இந்த ஏற்பாட்டை இருவரும் சேர்ந்து மீளப் பார்க்கலாம். இந்தத் தகவல் என் அனுமதியின்றி மற்றவர்களுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

"தொடர்ந்து செய்ய விரும்புகிறேன்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பின்னால் ஏதாவது பிரச்சினை வந்தால் அந்த வரிக்கு வேலை இருக்கும்.

"கந்தோரில் சொன்னால் வெளியில் கதை பரவும், கல்யாணம் தடைப்படும்" என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒருவருக்கொருவர் எப்படியோ தெரிந்தவர்கள்தான். அந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. கந்தோரில் உங்கள் தெருக்காரர், கோயிலில் காண்பவர், சொந்தக்காரர் என்று யாராவது ஒருவர் இருப்பார். அதனால்தான் "இது இரகசியமாக இருக்க வேண்டும்" என்று எழுத்திலேயே கேட்கச் சொல்கிறேன். மனிதவளப் பிரிவில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: ஓர் ஊழியரின் நோயைப் பற்றி மதியச் சாப்பாட்டு மேசையில் பேசுவது பெரிய துரோகம். அனுதாபத்தோடு பேசினாலும் துரோகம்தான்.

கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.எஸ். உள்ள பெண்கள் பிள்ளை பெறலாம். சில மருந்துகளை முன்கூட்டியே நிறுத்தவோ மாற்றவோ வேண்டியிருக்கும் என்பதால் வைத்தியரோடு பேசித் திட்டமிட வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நோய் தணிந்திருப்பதும், பிறந்த பின் வரும் முதல் மூன்று மாதங்களில் திரும்பத் தலைகாட்டுவதும் வழக்கம். அந்த மூன்று மாதங்களுக்குக் கந்தோரும் வீடும் ஆயத்தமாக இருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 2 அல்லது 3 வீதம்தான். பெண் பார்க்க வருபவர்களிடம் எதைச் சொல்வது என்பது குடும்பத்தின் முடிவு. அந்த முடிவு ஒரு பெண்ணின் சம்பளத்தைப் பறிக்க விடாதீர்கள்.

"பார்த்தால் நல்லாத்தானே இருக்கிறாய்" என்கிறார்கள். களைப்பை எப்படி விளங்கப்படுத்துவது?

எம்.எஸ். உள்ளவர்கள் வேலையை விடுவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இந்தக் களைப்பு. கால் நடக்காமல் போவதைவிட இதுதான் பலரை வெளியே தள்ளுகிறது. ஆனால் இது யாருக்கும் தெரிவதில்லை. கையில் கட்டு இருந்தால் கதவைத் திறந்துவிடுவார்கள். களைப்புக்குக் கட்டுப் போட முடியாது.

இது நித்திரை குறைந்ததால் வரும் சோர்வு போன்றதில்லை. எட்டு மணிநேரம் தூங்கி எழுந்தாலும் பத்து மணிக்கே உடம்பு கீழே இழுக்கும். பழுதான நரம்பு வழியாகச் சாதாரண வேலையைச் செய்யவே மூளை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. பிற்பகலில் கூடும், வெயிலில் கூடும், கூட்டம் நீண்டால் கூடும். அந்த நேரத்தில் "கொஞ்சம் பொறுத்துக்கொள், ஐந்து மணிக்குப் போகலாம்" என்றால், ஐந்து மணிக்குப் போகும் ஆள் அடுத்த நாளுக்கும் சேர்த்துச் செலவாகிவிட்டிருப்பார்.

செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. மூளைக்கு வேலை தரும் விஷயங்களைக் காலையில் வையுங்கள், பிற்பகலுக்குக் கோப்பு அடுக்குவது, மின்னஞ்சல் பார்ப்பது போன்றவற்றை விடுங்கள். களைத்துப்போன பிறகு ஓய்வெடுப்பதைவிட, களைக்கும் முன்பே பத்து நிமிடம் ஓய்வெடுப்பது நல்லது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் சாய்ந்திருக்க ஓர் இடம் கிடைத்தால் அந்தப் பிற்பகலே மாறும். பெண்களுக்கான ஓய்வறை இருக்கும் இடங்களில் இது இலேசு, இல்லாத இடத்தில் பாவிக்காத ஒரு கூட்ட அறை போதும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டால், பயணத்தில் போகும் சக்தி வேலைக்குக் கிடைக்கும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு 100ஆம் அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில், காலி வீதி நெரிசலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போனவர்களுக்குத் தெரியும் அந்தச் சக்தி எவ்வளவு என்று.

ஒன்றை வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள்: களைப்புக்கு வேறு காரணமும் இருக்கிறதா? இரத்தச் சோகை, தைரொயிட், மனச்சோர்வு, இரவில் சிறுநீருக்காக எழும்புவதால் கெடும் தூக்கம் எல்லாம் களைப்பைக் கூட்டும். அவற்றுக்கு மருந்து இருக்கிறது.

கொழும்பு வெயிலில் அறிகுறி கூடுகிறது. நோய் முற்றுகிறதா?

பெரும்பாலும் இல்லை. உடம்புச் சூடு அரை பாகை செல்சியஸ் கூடினாலே பழுதான நரம்பில் செய்தி தடுமாறும். கண் மங்கும், கால் பாரமாகும். உடம்பு குளிர்ந்ததும் பழைய நிலைக்கு வரும். புதிய சேதம் எதுவும் ஏற்படுவதில்லை. ஜெர்மானியக் கண் வைத்தியர் வில்ஹெல்ம் உட்ஹோஃப் 1890இலேயே இதைக் கவனித்து எழுதியதால் அவர் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். ஆனால் ஒரு புதிய அறிகுறி 24 மணிநேரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் அது வெயிலின் வேலையாக இருக்காது, வைத்தியரிடம் போங்கள். காய்ச்சலும் உடம்பைச் சூடாக்கி இதே வேலையைச் செய்யும். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைக்க வேண்டும், இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கந்தோரில் ஏசி காற்று வரும் பக்கத்தில் இருக்கை, மேசையில் ஒரு சின்ன மின்விசிறி, குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல், கழுத்தில் போட ஈரத் துவாய். சித்திரை வெயிலில் நண்பகல் வெளிவேலைக்கு அனுப்பாமல் இருப்பது. கழுத்துப்பட்டியும் கோட்டும் கட்டாயம் என்ற விதியில் இருந்து விலக்கு. 2022இல் ஒரு நாளைக்குப் பல மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது ஏசி இல்லாத மேல்மாடிகளில் இவர்கள் பட்ட பாட்டை மறக்கக்கூடாது. மின்பிறப்பாக்கி இருக்கும் நிறுவனங்கள் எந்த அறைக்கு அதை இணைப்பது என்று தீர்மானிக்கும்போது இவர்களையும் கணக்கில் எடுக்கலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டிய ஊசி மருந்து எடுப்பவருக்கும் மின்சாரம் முக்கியம்.

மறதி வருகிறது, கூட்டத்தில் சொல் தட்டுப்படுவதில்லை. யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எம்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சிந்தனையில் ஏதோ ஓர் அளவு மாற்றம் வரும். அறிவு குறைவதில்லை, வேகம்தான் குறைகிறது. கேட்டதை உள்வாங்கவும் இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்யவும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

கொழும்புத் தமிழருக்கு இதில் இன்னொரு பாரமும் உண்டு. ஒரே கூட்டத்தில் மேலதிகாரியோடு ஆங்கிலம், பக்கத்தில் இருப்பவரோடு சிங்களம், தொலைபேசியில் வாடிக்கையாளரோடு தமிழ் என்று நாள் முழுக்க மாறிக்கொண்டிருக்கிறோம். களைத்த நேரத்தில் முதலில் கைவிடுவது பிந்திப் படித்த மொழி. அதைப் பார்ப்பவர்கள் "இவருக்குத் திறமை போய்விட்டது" என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ஆளிடம் பிற்பகல் மூன்று மணிக்கு, மூன்றாவது மொழியில், ஆயத்தமில்லாமல் விளக்கவுரை கேட்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மற்றது, வாய்மொழி உத்தரவை எழுத்தில் கேளுங்கள். ஒரு வேலையை முடித்த பின் அடுத்ததைத் தொடங்குங்கள். கூட்டத்துக்கு முன்பே நிகழ்ச்சிநிரலை அனுப்பச் சொல்லுங்கள். இரைச்சல் குறைந்த மூலை ஒன்று பாருங்கள். தொலைபேசியில் நினைவூட்டல் வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கழிவறை விஷயத்தை எப்படிக் கேட்பது?

"எனக்கு அவசரமாகப் போக வேண்டி வரும், கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கை வேண்டும்." இவ்வளவு போதும். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதுங்கள், ஆணாக இருக்கும் மேலதிகாரியிடம் சொல்ல முடியாத பெண்கள் ஒரு பெண் அதிகாரி வழியாகக் கேளுங்கள். பயத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் மற்ற அறிகுறிகளும் கிளம்பும். காசாளர், பாதுகாப்பு ஊழியர், அழைப்பு மையத்தில் இருப்பவர் போன்று இடத்தைவிட்டு எழும்ப முடியாத வேலை என்றால், இரண்டு நிமிடம் பொறுப்பெடுக்க ஒரு ஆளை முன்பே ஒழுங்கு செய்து வையுங்கள்.

லீவு எவ்வளவு கிடைக்கும்?

கடை, காரியாலய ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி, முதல் வருடம் கடந்தவருக்கு ஆண்டில் 14 நாள் வருடாந்த லீவும், சுகவீனத்துக்கும் சொந்த அலுவலுக்கும் சேர்த்து 7 நாள் லீவும் உண்டு. இதற்கு மேல் மருத்துவ லீவு என்பது உங்கள் நியமனக் கடிதத்திலோ நிறுவனத்தின் கைநூலிலோ இருந்தால்தான். பல பெரிய நிறுவனங்கள் தருகின்றன. ஆகவே அந்தக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். அரசாங்க ஊழியர்களுக்கு 21 நாள் சமயோசித லீவும் 24 நாள் ஓய்வு லீவும் இருப்பதால் நிலைமை கொஞ்சம் இலேசு.

ஏழு நாள் எம்.எஸ்.ஸுக்குப் போதாது. கொஞ்சம் திட்டமிட்டால் நீட்டலாம். வாரம் ஒரு ஊசி போடுபவர்களில் பலர் வெள்ளி இரவில் போடுகிறார்கள், மறுநாள் காய்ச்சல்போல உடம்பு வலித்தாலும் திங்கள் வேலைக்கு வரலாம். ரிடுக்சிமாப் போன்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்தின் திகதி முன்பே தெரியும், வருடத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். தேசிய வைத்தியசாலைக் கிளினிக் நாளையும் அப்படியே. முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கிளினிக்கில் காலை போய் மத்தியானம் திரும்பும் ஆளுக்கு முழு நாள் லீவு வெட்டாமல் அரை நாள் கொடுங்கள்.

நோயைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்த முடியுமா?

தனியார் துறையில், 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறெதற்கும் ஓர் ஊழியரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலமான சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்வது இதுதான். முந்திய 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும். நோய் ஒழுக்காற்றுக் குற்றம் இல்லை என்பதால் இந்தப் பாதுகாப்பு எம்.எஸ். உள்ளவருக்கும் உண்டு.

நடைமுறையில் யாரும் "உன்னை நிறுத்துகிறோம்" என்று எழுதுவதில்லை. கூப்பிட்டு உட்கார வைத்து, "உனக்காகத்தான் சொல்கிறோம், நீயே எழுதிக் கொடுத்தால் நல்ல சான்றிதழ் தருகிறோம்" என்பார்கள். அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் சேர்" என்று சொல்லி எழும்பி வாருங்கள். பிறகு நாரஹேன்பிட்டியில் மெஹெவர பியச கட்டடத்தில் இருக்கும் தொழிற் திணைக்களத்துக்கோ, தொழிற்சங்கத்துக்கோ, சட்டத்தரணியிடமோ போங்கள். முறைப்பாடு செய்யக் காலக்கெடு உண்டு என்பதால் நாள் கடத்த வேண்டாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் எங்களுக்குப் பொருந்துமா?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு ஆள் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. நல்லது. ஆனால் அது "மாற்றுத்திறனாளி" என்று வரையறுப்பது, உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ ஓரளவோ தானே நிறைவேற்ற முடியாதவரை. எம்.எஸ். தொடங்கிய காலத்தில் நடந்து திரிந்து வேலை செய்யும் ஒருவர் இதற்குள் வருவாரா என்று வாதிட இடமிருக்கிறது. வேலையில் இருப்பவருக்கு இருக்கையை மாற்று, நேரத்தை மாற்று என்று முதலாளிக்கு அது கட்டளையிடவும் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது, அதில் நியாயமான வசதி செய்து கொடுக்கும் கடமை தெளிவாக இருக்கிறது. அந்தக் கடமை நம் தொழிற் சட்டத்துக்குள் வர வேண்டும். இதைக் கேட்க வேண்டியது நம் உரிமை.

லண்டனில் இருக்கும் மாமா, "அங்கே சட்டம் இருக்கிறது, கந்தோர் எல்லாம் செய்து தரத்தான் வேண்டும்" என்கிறார்.

அவர் சொல்வது பிரித்தானியாவுக்குச் சரி. அங்கே 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி எம்.எஸ். உறுதியான நாளிலிருந்தே ஒருவர் அந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிடுகிறார், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும். இங்கே அப்படி இல்லை. ஆனால் லண்டனிலோ டொரொன்டோவிலோ தலைமையகம் உள்ள நிறுவனத்தின் கொழும்புக் கிளையில் வேலை என்றால், அந்த நிறுவனத்தின் உள்விதிகளைக் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் எல்லா நாட்டு ஊழியர்களுக்கும் ஒரே கொள்கைதான் இருக்கும், யாரும் கேட்காததால் அலமாரியில் இருக்கும்.

எங்களுடையது சின்ன நிறுவனம். இதெல்லாம் எங்களுக்குக் கட்டுமா?

மேலே சொன்னவற்றைத் திரும்பப் பாருங்கள்: இருக்கையை மாற்றுவது, நேரத்தை முன்தள்ளுவது, எழுத்தில் சொல்வது, மின்விசிறி. இதில் காசு போவது மின்விசிறிக்குத்தான். எட்டு வருடம் வேலை பழகிய கணக்காளரை இழந்து புதியவரைத் தேடிப் பழக்குவதற்கு ஆகும் செலவை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். இலங்கை முதலாளிமார் சம்மேளனம் மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்புக்காக நிறுவனங்களின் வலையமைப்பு ஒன்றை வைத்திருக்கிறது, அங்கே ஆலோசனை கேட்கலாம்.

எம்.எஸ். உள்ள என் ஊழியர் பாவம் என்று அவருடைய பொறுப்புகளைக் குறைத்தேன். ஆனால் அவர் கோபப்படுகிறார்.

அவரைக் கேட்டீர்களா? கேட்காமல் எடுத்த பொறுப்பு பதவியிறக்கம் போலத்தான் அவருக்குத் தெரியும். பதவி உயர்வுப் பட்டியலில் இருந்து பெயரை எடுப்பது, வெளிநாட்டுப் பயிற்சிக்கு வேறொருவரை அனுப்புவது எல்லாம் அன்பினால் செய்தாலும் அவருடைய வாழ்க்கையில் கை வைப்பதுதான். "எது கஷ்டம், எதை வைத்திருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். சொன்னதை எழுதி வையுங்கள். நோய் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். நல்ல காலத்தில் பொறுப்பைக் கூட்டவும் கஷ்ட காலத்தில் குறைக்கவும் தயாராக இருங்கள்.

உண்மையிலேயே வேலைத்தரம் குறைந்துவிட்டால்?

மற்ற எந்த ஊழியரோடும் பேசுவதுபோல உதாரணத்தோடு பேசுங்கள். மறைத்துவைத்து ஒரு நாள் வெடிப்பது அவருக்கும் நல்லதில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, ஒப்புக்கொண்ட ஏற்பாடுகள் உண்மையில் நடந்தனவா என்பது. காகிதத்தில் 3.30க்கு முடியும் வேலை தினமும் 5.30 வரை நீண்டால், தரம் குறைந்ததற்கு அவர் மட்டும் காரணமில்லை. அதன் பிறகும் முடியவில்லை என்றால் அதே நிறுவனத்தில் வேறு வேலை இருக்கிறதா என்று தேடுங்கள்.

நேர்முகத் தேர்வில் சொல்ல வேண்டுமா?

கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லத் தேவையில்லை. மருத்துவப் படிவத்தில் கேட்டால் பொய் எழுத வேண்டாம், பின்னால் அதையே காரணமாக்குவார்கள். குழு மருத்துவக் காப்புறுதிப் படிவத்துக்கும் இதுதான் பதில்.

என் தம்பி புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கிறான். மேலதிகாரி, மனிதவளப் பிரிவு என்று ஒன்றுமே இல்லை.

சின்னக் கடைகளில் முதலாளி ஒருவர்தான், அவருக்குக் குடும்பத்தையும் தெரிந்திருக்கும். ஆகவே தம்பியோடு அப்பாவோ அண்ணனோ போய்ப் பேசுவது அங்கே இயல்பு. கேட்க வேண்டியது ஸ்டூல் ஒன்று, மேல்மாடிக் களஞ்சியத்துக்கு ஏறி இறங்காத வேலை, காசாளர் இருக்கை. நாள் முழுக்க நிற்பதுதான் அவனைக் கீழே தள்ளும், விற்கும் திறமை அப்படியே இருக்கும். ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டுகிறார்களா என்று இப்போதே பாருங்கள். கடை சின்னதென்றாலும் முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்ட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம்.

எல்லாம் செய்து பார்த்தும் வேலையை விடத்தான் வேண்டும் என்றால்?

அப்படியும் ஒரு நாள் வரலாம். எல்லோருக்கும் வராது. வந்தால் அது உங்கள் தோல்வி இல்லை. ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள்.

ஐந்து வருடம் முடித்தவருக்கு, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். நிரந்தரமாக வேலை செய்ய முடியாத நிலை என்று மருத்துவ ரீதியாக உறுதியானால் ஓய்வு வயது வரும் முன்பே சேமலாப நிதியைப் பெறலாம். வேலையில் இருந்தபடியே மருத்துவச் செலவுக்கு எடுக்கவும் வழி உண்டு: பத்து வருட சேவையும் கணக்கில் 3 இலட்சம் ரூபாவும் இருந்தால் 30 வீதம் வரை விண்ணப்பிக்கலாம். நிபந்தனைகளைத் தொழிற் திணைக்களத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

கடைசி நாளுக்கு முன்பு கையில் எடுக்க வேண்டியவை: நியமனக் கடிதத்தின் பிரதி, சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதி உறுப்பினர் இலக்கம், சேவைச் சான்றிதழ், நோயைப் பற்றி நிறுவனத்தோடு பரிமாறிய எல்லாக் கடிதங்களும். கந்தோர் மின்னஞ்சலில் இருப்பதை அச்செடுத்து வீட்டில் வையுங்கள், வேலை முடிந்த அன்றே அந்தக் கணக்கு மூடப்பட்டுவிடும்.